புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

புரட்டாசி 25, வெள்ளி. ஆயுத பூஜை

இன்று கீழ்வீட்டுப் பூஜையில் இருந்தவர்கள்: மூத்த மச்சாண்டார் கந்தப்பன், அவர் பெண்சாதி மரகதம் அக்கா, அவர் தம்பியான என் வீட்டுக்காரர் குழந்தைவேல், நான். வாசலில் நாய் மணி. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். யார் என்ன சொன்னார்கள் என்று பிறகு பேச்சு வந்தால் இந்தக் குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

பூஜைக்கு வைத்தவை: அரிவாள்கள், காபிச் செடி கவாத்து பண்ணுகிற கத்திரி, மருந்தடிக்கிற மிஷின், இவருடைய பைக் சாவி, அப்புறம் அந்த ரைஃபிள். இவருடைய தாத்தாவுக்கு எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. வேட்டையைச் சர்க்கார் நிறுத்தியே எத்தனையோ வருஷம் ஆகிறது. அதற்கு உண்டான தோட்டாவும் இப்போது கிடைப்பதில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் சந்தனம் குங்குமம், எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பு. அதைத் தவிர அதற்கு ஒரு வேலையும் நான் பார்த்ததில்லை.

அக்கா வழக்கம்போல் விடியற்காலையிலேயே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள். விளக்கு எது துப்பாக்கி எது என்று தெரியாத அளவுக்குப் பளபளப்பு. அதைத் தொடுவது மூத்த மருமகளுக்கு மட்டும் உரிய வேலை என்பது என் மாமியார் போட்ட சட்டம். நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் என் விரல் அதன் மேல் பட்டதில்லை. எனக்குச் சுண்டலும் கோலமும்தான்.

தீபாராதனை முடிந்து திருநீறு பூசிக்கொண்டே மச்சாண்டார் சொன்னார்: “இதை இந்த மாசமே வித்துரப் போறேன்.”

டாக்டர் மச்சாண்டாருக்கு நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு என்று சொல்லியிருக்கிறார். தை பிறப்பதற்குள் ஆபரேஷன் ஆகாவிட்டால் பிறகு தன்னிடம் வந்து கேட்க வேண்டாம் என்றாராம். காப்பீட்டு அட்டை போக, கையிலிருந்து இரண்டரை லட்சம் கட்ட வேண்டும்.

இவர், “நான் தர்றேண்ணே” என்றார்.

“உங்கிட்ட கேட்டனா?”

“கேக்கணுமா?”

“கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சுண்டலை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அவர் அப்படித்தான். மாமனார் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, கல்யாணம் பண்ணி வைத்து, பாகம் பிரிக்கும்போது தண்ணீர் ஏறுகிற மேல்காட்டைத் தம்பிக்கே விட்டவர். கொடுத்தே பழகிவிட்டது. நான் ஒரு படி காபிக்கொட்டை அனுப்பினால் பொழுது சாய்வதற்குள் ஒரு சீப்பு மலைவாழை மேலே வந்துவிடும். ஒரு நாளும் அந்தக் கணக்கை நம் பக்கம் சாய விட்டதில்லை.

கடைசியில் இவர், “வித்தா எனக்கே விலைக்குக் குடுங்க, அப்பா வச்சிருந்தது வெளிய போக வேணாம்” என்றார். அதற்கு மட்டும் மச்சாண்டார் தலையாட்டினார்.

“விலையச் சொல்லுங்க.”

“வாங்குறவன் நீ. நீ சொல்லு.”

“விக்கிறவர் நீங்க. நீங்க சொல்லுங்க.”

இப்படியே சுண்டல் தீரும் வரை.

இன்று செலவு: பூ 120, பொரி கடலை 60, வெற்றிலை பாக்கு 30, எலுமிச்சம்பழம் 20.


புரட்டாசி 26, சனி

விலை சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை. மிளகு வியாபாரி பாக்கி 40 ரூபாய் தந்தான்.


புரட்டாசி 28, திங்கள்

மச்சாண்டார் மேல்வீட்டுக்கு வந்தார். ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவரும் நானும் நேருக்கு நேர் பேசுவது கிடையாது. கொழுந்தன் பெண்சாதி மூத்தவரிடம் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அக்கா நடுவில் இருந்தால் அக்காவிடம் சொல்வார், அக்கா எனக்குச் சொல்வாள். அக்கா இல்லாதபோது நாயிடம் சொல்வார். இன்றைக்கும், “மணி, உங்க சின்னம்மாகிட்ட கொஞ்சம் வெந்நி கேளு” என்றார். மணி கொட்டாவி விட்டது. நான் வெந்நீர் கொண்டுபோய்க் கதவோரம் வைத்தேன்.

பிறகு நடந்த பேரத்தை அப்படியே எழுதுகிறேன். நான் எத்தனையோ பேரம் பார்த்தவள். மகளிர் குழுக் கணக்கை ஒன்பது வருஷமாக நான்தான் எழுதுகிறேன். இப்படி ஒரு பேரம் எங்கேயும் நடந்திருக்காது.

“முப்பது குடு போதும்.”

“முப்பது லட்சமாண்ணே?”

“விளையாடாத. முப்பதாயிரம்.”

“நான் மூணு லட்சம் தர்றேன்.”

“மூணு லட்சத்துக்கு அதுல தங்கமா ஊத்தியிருக்கு?”

“சரி, ரெண்டரை.”

“முப்பத்தஞ்சு. தம்பிங்கறதால உனக்காக அஞ்சு ஏத்தியிருக்கேன், இதுக்கு மேல ஏத்தாத.”

“அண்ணே, ஆஸ்பத்திரிக்கு ரெண்டரை வேணும்ல?”

அங்கேதான் கெட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை இந்த மனிதருக்கு. மச்சாண்டார் தம்ளரைத் தரையில் வைத்தார். “அப்ப நீ துப்பாக்கிய வாங்கல. எனக்குத் தர்மம் பண்றே” என்று சொல்லிவிட்டு, பாதி வெந்நீரை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். மணியும் கூடவே போனது.

நான் கேட்டேன், “ரெண்டரைன்னு எதுக்குச் சொன்னீங்க? ரெண்டு எழுபதுன்னு சொல்லியிருந்தா விலைன்னு நெனச்சிருப்பாரு. ஆஸ்பத்திரிக் கணக்கையே அப்படியே சொன்னா யாருக்கும் தெரியாதா?”

“உனக்குத்தான் கணக்கு வருமே, நீ போய்ச் சொல்லேன்” என்றார்.

நான் போய்ச் சொல்ல முடியாது என்பது தெரிந்துதான் சொல்கிறார்.


ஐப்பசி 3, சனி

வழி ஒன்று கிடைத்தது. மூன்றாவது ஆள் விலை சொல்லட்டும், அதுவே விலை என்று அண்ணனும் தம்பியும் ஒத்துக்கொண்டார்கள். மதுரையில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் இப்ராகிம் பாய் மாமனார் காலத்திலிருந்து தெரிந்தவர். இவர் போனில் படம் எடுத்து அனுப்பினார். படத்தை அந்தி நேரத்தில் எடுத்தார், பல்பு வெளிச்சத்தில். நான் பகலில் எடுங்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை.

பாய் கொஞ்ச நேரத்திலேயே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு எல்லாரும் கேட்டோம்.

“நம்பரும் கம்பெனி முத்திரையும் படத்துல தெரியுது. இந்தச் சாமானைத் தேடிக்கிட்டு மைசூர்ல ஒருத்தர் இருக்கார். சுடறதுக்கில்ல, கண்ணாடிப் பெட்டியில வைக்கறதுக்கு. சீமையிலேர்ந்து வந்தப்ப இருந்த மாதிரியே இருந்துச்சுன்னா நாலு இருபது வரைக்கும் போகும்.”

“நாலாயிரமா?” என்று மச்சாண்டார் கேட்டார்.

“லட்சம், அண்ணே. ஆனா நேர்ல பாக்காம நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சாண்டார் உடனே, “அப்ப தம்பி, உனக்குக் கட்டாது. மைசூர்க்காரருக்கே குடுத்துருவோம்” என்றார். இவர், “அப்பா துப்பாக்கி மைசூருக்குப் போறதுக்கா நான் உசிரோட இருக்கேன்?” என்றார். ஒத்துக்கொண்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, திரும்பவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு பாய் இன்னொன்று சொன்னார். வாங்குகிறவருக்கு லைசென்ஸ் வேண்டும். கேஸ் நிற்கிறவருக்கு லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள். இவர் மேல் கேஸ் இருக்கிறது. போன வருஷம் பக்கத்து எஸ்டேட்காரன் நம் பாதையில் போட்ட வேலியைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார். வேலியோடு அவர்கள் சூப்பர்வைசரையும் எறிந்தார் என்பது அவர்கள் எழுதிக் கொடுத்தது. இவர் இல்லை என்கிறார். எது உண்மையோ முருகனுக்குத் தெரியும், சூப்பர்வைசர் நனைந்துதான் வீட்டுக்குப் போனான்.

“அப்ப வீட்டுல அம்மா பேர்ல போடுங்க” என்றார் பாய்.

எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் நான்.

முட்டைகூடச் சாப்பிடாதவள் நான். என் பேரில் வேட்டைத் துப்பாக்கி.


ஐப்பசி 6, செவ்வாய்

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் லைசென்ஸுக்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கினேன். டாக்டரம்மா சின்னப் பெண். “எதுக்கும்மா உங்களுக்குத் துப்பாக்கி?” என்று கேட்டது. “சாமி கும்பிட” என்றேன். அது எழுதுவதை நிறுத்திவிட்டு மனநிலை சம்பந்தமாக நாலு கேள்வி சேர்த்துக் கேட்டது. உண்மையைச் சொன்னதற்கு அரை மணி நேரம் போனது.

பஸ் 46, சர்ட்டிபிகேட் 200, டீ 12. கண் நன்றாக இருக்கிறதாம்.


ஐப்பசி 10, சனி

மதுரை போய் வந்தோம். கை ஓடவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வாடகைக் காரில் மூன்று பேர். லைசென்ஸ் வைத்திருப்பவர் மச்சாண்டார், லைசென்ஸ் கேட்பவள் நான், நடுவில் பேச இவர். அக்காவுக்குத் தலைவலி, வரவில்லை. வராததே நல்லது. துப்பாக்கியைப் பழைய பட்டு வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார் மச்சாண்டார். ஊசி வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் கைக்குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டார்.

பாய் வேட்டியைப் பிரித்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “இதை யாரு இப்படிப் பளபளன்னு ஆக்குனது?” என்று கேட்டார்.

இவர் பெருமையாக, “வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டுல தேய்ப்பாங்க” என்றார்.

“எதை வச்சு?”

“விளக்குத் தேய்க்கிறதை வச்சுதான்” என்றேன் நான். “புளி, சாம்பல்.”

பாய் நெற்றியைத் தடவிக்கொண்டார். “அம்மா, தப்பா நெனைக்காதீங்க. விசைக்கு மேல பூட்டு இருக்கிற இந்த இரும்புல மொதல்ல ஒரு நிறம் இருந்திருக்கும். மயில் கழுத்து மாதிரி. நீலமும் பழுப்புமா, ஆட்டுனா அலை அடிக்கும். அது சீமையில சூட்டுல வச்சு ஏத்துன நிறம். திரும்ப இங்க யாராலயும் ஏத்த முடியாது. மைசூர்க்காரர் அந்த நிறத்துக்குத்தான் நாலு இருபது தருவார். இதுல அது ஒரு பொட்டுகூட இல்ல. செதுக்கி வச்ச கொத்து வேலை மழுங்கிருச்சு. கம்பெனி பேர்ல மூணு எழுத்துதான் நிக்குது. புளி தின்னுருச்சு.”

“இப்ப என்ன விலை?” என்று மச்சாண்டார் கேட்டார்.

“தொண்ணூறாயிரம். அதுவும் உங்களுக்காக.”

மயில் கழுத்து. முருகனுக்கு என்று நினைத்து வருஷா வருஷம் மயில் நிறத்தைத் தேய்த்து எடுத்திருக்கிறது இந்தக் குடும்பம். நான் யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. சாமி முன்னால் வைக்கிற பொருளை அழுக்காகவா வைப்பார்கள்? எந்த வீட்டுப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். துரை கொடுக்கும்போது இதைத் தேய்க்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

பாய் சட்டம் சொன்னார். விலையை எழுதி விற்கிறவரும் வாங்குகிறவரும் கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்துவிட்டால் பணம் கைமாறலாம். லைசென்ஸ் வர ஆறு மாசம் ஆனாலும் ஆகும், அதுவரை துப்பாக்கி கடையிலேயே இருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு பேர் மச்சாண்டாரும் நானும். இருபத்தாறு வருஷம் பேசாதவர்கள். பாய்க்கு அது தெரியாது, “ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். நான் சுவரைப் பார்த்தேன். மச்சாண்டார் காலண்டரைப் பார்த்தார்.

துப்பாக்கியைக் கடையில் விட்டுவிட்டுத் திரும்பினோம். மலை ஏறும்போது மச்சாண்டார் டிரைவரிடம், “தம்பி, புளி விஷயம் எங்க வீட்டு அம்மாவுக்குத் தெரிய வேணாம். மார்க்கெட் இறங்கிப்போச்சு, அவ்வளவுதான். தெரிஞ்சா தாங்க மாட்டா” என்றார். டிரைவர் பையன் ஒன்றும் புரியாமல் சரிங்கய்யா என்றான். அது எனக்கும் இவருக்கும் சொன்னது.

கார் வாடகை 3,800. சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை.


ஐப்பசி 11, ஞாயிறு

இவர் சொல்லிவிட்டார். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை வாய். காலையில் கீழே போனவர், அக்கா, “ஏன் கொழுந்தனாரே, இவ்வளவு எறங்கிப் பேசுறாங்க?” என்று கேட்டதும், “நாலு லட்சத்தைத் தேச்சுக் கழுவிட்டீங்களே மதினி” என்றாராம். கோபத்தில் வந்துவிட்டது என்கிறார். யார் மேல் கோபம் என்று கேட்டேன். தெரியவில்லை என்கிறார்.

நான் இன்று இவருக்குச் சாப்பாடு போட்டேன், பேசவில்லை.


ஐப்பசி 15, வியாழன். தீபாவளி

அக்கா மேலே வரவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து அவள் எனக்கு எண்ணெய் வைக்காமல் ஒரு தீபாவளி விடிந்ததில்லை. நானே அதிரசத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பூஜை அறை பூட்டியிருந்தது. விளக்கு ஏற்றவில்லை. அக்கா மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள்.

“சாவி எங்கக்கா?”

“எதுக்கு?”

“விளக்கேத்தத்தான்.”

“இனிமே அந்த ரூமுக்குள்ள நான் போறதா இல்ல தெய்வானை. சாமிக்குன்னு செஞ்சது அவரு உசிருக்கு வந்து நிக்குது. என் கையால நானே தேய்ச்சிருக்கேன்.” கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். புளி பட்டு வெடித்த கை. எங்கள் எல்லார் கையும் அப்படித்தான் இருக்கிறது.

“மச்சாண்டார் என்ன சொல்றாரு?”

“தொண்ணூறு வந்தா போதும், ஆபரேஷன ஒத்திப் போட்டுக்கலாம்னு சொல்றாரு. ஒத்திப் போடுறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

ஒரே ஒரு முறை மாமியார் போட்ட சட்டத்தை நினைத்துக் கோபம் வந்தது. மூத்தவள் மட்டும் தொட வேண்டும் என்று சொன்னதால் இன்றைக்கு மூத்தவள் மட்டும் சுமக்கிறாள்.

அதிரசம் நாய்க்குப் போனது.


ஐப்பசி 17, சனி

சஷ்டி விரதம் ஆரம்பம். ஆறு நாள் பாலும் பழமும். பொய், கோபம், புறணி கூடாது. கோபம் கூடாது என்பதுதான் இந்த வருஷம் சிரமம்.

இவர் கீழே போய், தொண்ணூறு வேண்டாம், இரண்டரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். மச்சாண்டார் சொன்னாராம்: “பாய் சொன்னதுதான் விலைன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம். விலைக்கு மேல ஒரு ரூவா வாங்கினா அது தர்மம். உன்கிட்ட தர்மம் வாங்கி இந்த நெஞ்சு எதுக்கு ஓடணும்?”

நல்ல மனிதர். நல்ல மனிதர்களோடு குடித்தனம் பண்ணுவதைப்போல் எரிச்சல் வேறு எதிலும் இல்லை.


ஐப்பசி 19, திங்கள்

மழை. மிளகு உள்ளேயே காய்கிறது. இவர் எட்டாவது தடவையாகக் கேட்கிறார், “என்ன விலை போட்டா அண்ணன் வாங்குவாரு?” நான் ஜபத்தில் இருக்கிறேன் என்று சொன்னேன். ஜபத்தில் இல்லை, அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதுவும் பொய்தான். ஒரு வேளைப் பாலை விட்டுவிட்டேன்.


ஐப்பசி 20, செவ்வாய்

கணக்கு.

புளி தொடாமல் இருந்தால் விலை 4,20,000. இப்போது 90,000. கெட்டது 3,30,000.

ஒருவர் பொருளை இன்னொருவர் கெடுத்தால் கெடுத்தவர் ஈடு கட்ட வேண்டும். குழுவில் சரசு வாங்கிய தையல் மிஷினை ரோகிணி கெடுத்தபோது நான்தான் அந்தத் தீர்ப்பு எழுதினேன், எல்லாரும் நியாயம் என்றார்கள். துப்பாக்கி மச்சாண்டாருடையது. கெடுத்தது வீட்டுப் பெண்கள். வீட்டில் பெண்கள் இரண்டு பேர். ஆளுக்குப் பாதி. அக்காவின் பாதியை அவர் தன் பெண்சாதியிடம் கேட்கப் போவதில்லை. மற்ற பாதி 1,65,000.

90,000 + 1,65,000 = 2,55,000.

ஆபரேஷனுக்கு இரண்டரை. ஐயாயிரம் வண்டி வாடகைக்கு. கணக்கு தானாகவே அங்கே போய் நின்றது. நான் கொண்டுபோய் நிறுத்தவில்லை.

காபி காயப்போடக் களம் கட்ட வைத்திருந்தது 2,60,000 இருக்கிறது. சாணம் மெழுகின களத்திலேயே இன்னும் இரண்டு வருஷம் காயட்டும்.


ஐப்பசி 21, புதன்

இவரிடம் சொன்னேன். கணக்கை வாங்கித் தானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தார்.

“நீ எப்பத் துப்பாக்கியத் தேச்ச?”

“இருவத்தாறு வருஷத்துல பூஜைக்கு முன்னால ஒரு நாளாவது நீங்க எந்திரிச்சு வந்து பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்பறம் எப்படித் தெரியும்?”

இது பொய் இல்லை. நான் கேள்விதான் கேட்டேன்.


ஐப்பசி 22, வியாழன். சூரசம்ஹாரம்

கீழே போனேன். அக்கா மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். மச்சாண்டார் காட்டுப் பக்கம் போயிருந்தார், மெதுவாக நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அதற்கு மலை ஏறுகிறார்.

“அக்கா, யாரு கேட்டாலும் நாம ரெண்டு பேரும்தான்.”

“எது?”

“தேச்சது.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “உன்னை அத்தை கிட்டகூட விட்டதில்லையேடி. நீ கோலப்பொடியோட வாசல்ல நிப்ப.”

“அத்தை போனப்பறம்?”

“அதுக்கப்பறமும் நீ தொட்டதில்ல.”

“புளி கரைச்சுக் குடுத்தது யாரு?”

“நான்தான் கரைச்சேன்.”

“புளி யாரு மரத்துப் புளி?”

மேல்வீட்டு மரத்துப் புளிதான். வருஷா வருஷம் கொட்டை எடுத்து உருண்டை பிடித்து நான்தான் இறக்குகிறேன். அதற்கு அவள் மலைவாழை அனுப்புவாள்.

“அவரு பாத்துக்கிட்டேதான இருந்திருக்காரு தெய்வானை. வருஷா வருஷம் அங்கதான் உக்காந்து பேப்பர் படிப்பாரு. நம்பவே மாட்டாரு.”

“நம்ப வேணாம்க்கா. வாங்கிக்கிட்டா போதும்.”

அவள் அழவில்லை. பூஜை அறைச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். “நீ போய் ஏத்து. நான் இங்கருந்து பாத்துக்கறேன்” என்றாள். ஏற்றிவிட்டு வந்தேன்.

மச்சாண்டாருக்கு எழுத நினைத்திருக்கும் கடிதத்தை இன்றைக்கு எழுதக் கூடாது. விரதம் நாளைக்குத்தான் முடிகிறது.


ஐப்பசி 23, வெள்ளி

மலைக்கோயிலில் திருக்கல்யாணம் பார்த்து, பிரசாதம் சாப்பிட்டு, விரதம் முடித்தேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள். மற்றதெல்லாம் பஞ்சாங்கத்தையும் ரேஷன் கடை போர்டையும் பார்த்து நானாகப் படித்தது. பிழை இருந்தால் இருக்கட்டும். எழுதியதை இங்கேயும் ஒரு படி எடுத்து வைக்கிறேன்.

மூத்த மச்சாண்டார் அவர்களுக்குத் தெய்வானை எழுதுவது. உங்களிடம் பேசிப் பழக்கம் இல்லாததால் எழுத்தில் சொல்கிறேன். குறையிருந்தால் பொறுக்கவும்.

பாய் சொன்ன விலை தொண்ணூறாயிரம். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட விலையாகத் தரவில்லை, நீங்களும் விலையாக வாங்க வேண்டாம்.

விலை வேறு, ஈடு வேறு. துப்பாக்கியின் நிறத்தைத் தேய்த்தது அக்கா மட்டும் இல்லை. நானும் தேய்த்தேன். புளி என் வீட்டுப் புளி. உங்கள் பொருளை நாங்கள் இரண்டு பேரும் கெடுத்ததில் என் பங்கு ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். கணக்கைத் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன், கூட்டிப் பார்த்துக்கொள்ளவும். இது தர்மம் இல்லை. நான் கட்ட வேண்டியது. இதை வாங்க மறுத்தால் என்னைக் கடன்காரியாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படி ஒரு நாளும் நீங்கள் யாரையும் வைத்ததில்லை.

நான் தேய்க்கவில்லை, பொய் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், அதை அக்காவிடமோ உங்கள் தம்பியிடமோ மணியிடமோ சொல்லி அனுப்பக் கூடாது. என் முகத்தைப் பார்த்து, என்னிடம் நேரே சொல்ல வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் நிற்க மாட்டேன். முற்றத்திலேயே இருக்கிறேன்.

சரி என்றால் மட்டும் மணியிடம் சொல்லி அனுப்பினால் போதும்.

திங்கட்கிழமை மதுரைக்குக் கார் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துக்கு நாம் இரண்டு பேரும் போக வேண்டும், அக்காவும் வரட்டும். ஆஸ்பத்திரியில் தேதி அன்றைக்கே வாங்கிவிடலாம். அதனால் பதிலை நாளைக்குள் சொல்லுங்கள்.